எக்ஸ்ட்ராக்ஷனுக்குப் 'பிரித்தெடுத்தல்' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். எக்ஸ்ட்ராக்ஷனுக்கு, அதாவது ஒரு பொருளிலுள்ளதைக் கரைப்பானில் கரைத்து வெளியே எடுப்பதற்கு, தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் கேட்டது:

> தாவரங்களிலிருந்து ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை (ஆன்டிஆக்சிடன்ட்) எடுப்பதற்குப் 'பிரித்தெடுத்தல்' என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

எதற்கென்றால், அந்த இடத்தில் எதுவும் தனித்தனியாகப் பிரிவதில்லை. மஞ்சள் தூளில் எத்தனாலை ஊற்றி வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினோடு அதன் உடன்பிறப்புச் சேர்மங்கள் இரண்டும், எண்ணெய்ப் பிசினும் கூட்டமாகக் கரைந்து வரும். அவற்றைத் தனித்தனியாக்குவது அடுத்த வேலை. வண்ணப்பிரிகை (குரோமட்டோகிராஃபி) முறையில் நடப்பது. அதுதான் பிரித்தெடுத்தல். முதல் வேலைக்கே அச்சொல்லைக் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்கு எங்கே போவது? ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கையில் ஒரே பத்தியில் இரண்டும் வந்து நான் விழி பிதுங்கியதுண்டு.

என் முன்மொழிவு 'கரைத்திறக்கல்'. இறக்குதல் நம் அடுப்படிச் சொல். ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கிவிட்டதா என்றுதானே கேட்கிறோம்? காப்பித்தூளிலிருந்து வெந்நீர் கரைத்துக் கொண்டுவரும் குளோரோஜெனிக் அமிலமும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியே. 1879இல் வேதியியலாளர் சாக்ஸ்லெட் அமைத்த கருவியைப் பாருங்கள்: ஆவியான கரைப்பான் குளிர்ந்து மேலிருந்து சொட்டுகிறது, தூளை ஊறவைக்கிறது, நிரம்பியதும் கீழ்க்குடுவைக்கு இறங்குகிறது. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கள்ளும்தான் இறக்குகிறோம், அதில் கரைப்பான் எங்கே என்று ஒருவர் மடக்கினார். நியாயம். அதனால்தான் 'கரைத்து' முன்னால் நிற்கிறது. கரைப்பான் நீர்மமாகத்தான் இருக்க வேண்டும் என்று இச்சொல் கட்டாயப்படுத்தாததும் வசதி. ஏறக்குறைய 31 பாகை செல்சியசுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கரியமில வாயு வளிமமும் அல்ல, நீர்மமும் அல்ல. ஆனாலும் ரோஸ்மேரி இலையின் கார்னோசிக் அமிலத்தைக் கரைத்து இறக்கிவிடும்.

கிடைக்கும் பொருளுக்குச் 'சாரம்' என்றும், செயலுக்குச் 'சாரமிறக்கல்' என்றும் முதலில் நினைத்தேன். இலங்கையில் சாரம் இடுப்பில் கட்டுவது. யாழ்ப்பாண நண்பர் சிரித்து ஓய்ந்ததும் கைவிட்டேன். 'இறக்குசாறு' இருக்கட்டும்: முருங்கையிலை இறக்குசாறு, உலர்த்தினால் இறக்குசாற்றுப் பொடி. வெறும் 'சாறு' பிழிவதற்கே போகட்டும்.

சூடில்லாமல் ஊறவைக்கும் முறைக்கு 'ஊறல்' போதும். சாராய ஊறல் நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை, சித்த மருத்துவத்தில் ஊறல் குடிநீரும் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றமா, ஒட்சியேற்றமா என்ற சண்டையை வேறு இழைக்கு விடுவோம். 'கரைத்திறக்கல்' வேகமாகப் படித்தால் எதையோ திறப்பதுபோல் கேட்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'கரைத்து இறக்கல்' என்று இடம்விட்டு எழுதலாமா, அல்லது வேறு சொல் வைத்திருக்கிறீர்களா?