காலண்டர்ல 181, உண்மையில 143. திரும்ப எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

கட்டிங் டேபிள் எழுதியது:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். வயசு 43. பதினெட்டு வயசுல துணி விரிக்கற வேலைக்குச் சேர்ந்தப்ப வேலையோட சேர்த்துக் கத்துக்கிட்ட பழக்கம் சிகரெட். ஒரு நாளைக்கு 14 ஓடிட்டு இருந்துச்சு. உள்ள பத்த வைக்க முடியாதுங்க, சுத்தி துணியும் பஞ்சும்தான். அதனால டீ டைம்னா எனக்கு டீ ரெண்டாம்பட்சம். கேட்டுக்கு வெளிய போய் நிக்கற அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் காலைல இருந்து காத்திருப்பேன்.

இந்த வருஷம் தை 1ஆம் தேதி விட்டேன். மாத்திரை மருந்துன்னு எதுவும் எடுத்துக்கல. எம்பொண்ணு ஆறாவது படிக்கறா. வீட்ல தினசரி காலண்டர் கிழிக்கறது அவ வேலை. காலைல பழைய தாளைக் கிழிச்சுட்டு, புதுத் தாளோட மூலையில பென்சில்ல நம்பர் போடுவா. 1, 2, 3ன்னு. அப்பா சிகரெட்டை விட்டு எத்தனாவது நாள்னு கணக்கு. கிழிச்ச தாளையெல்லாம் ஒரு கிளிப்புல கோத்து வெச்சிருக்கா.

வைகாசியில எங்கப்பா தவறிட்டாருங்க. தாராபுரம் பக்கம் கிராமம். மயானத்துல நின்னுட்டிருக்கறப்ப பங்காளிங்க பாக்கெட்டை நீட்டுனாங்க, வேண்டாம்னுட்டேன். துக்கம் கேக்க வந்தவங்க திண்ணையில உக்காந்து பத்த வெச்சாங்க, அப்பவும் அசையல. அந்த 16 நாளும் நான் தாண்டிட்டேங்க. இதை எழுதக் காரணமே அதுதான், நான் விழுந்தது துக்கத்துல இல்ல. கருமாதி முடிஞ்சு, பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கணக்குத் தீர்த்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் குடுத்துட்டு, சாயங்காலம் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல திருப்பூர் பஸ்சுக்கு நின்னேன். 16 நாளா கையில ஏதாவது ஒரு வேலை இருந்துட்டே இருந்துச்சு. அன்னைக்குத்தான் கை சும்மா இருந்துச்சு. பொட்டிக்கடையில ஒன்னே ஒன்னு வாங்கினேன்.

நல்லாவே இல்லைங்க. தலை கிறுகிறுன்னு வந்து பாதியில போட்டு மிதிச்சுட்டேன். ஆனா மறுநாள் டீ டைம்ல இன்னொன்னு. அப்புறம் ரெண்டு. இப்ப ஒன்பதுல நிக்குது.

வீட்டுக்குத் தெரியாது. வண்டி டிக்கில ஒரு சட்டை வெச்சிருக்கேன், பெட்ரோல் பங்க்ல கை கழுவிட்டு மாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். எம்பொண்ணு இன்னைக்குக் காலைல 181ன்னு எழுதுனா. உண்மையான கணக்கு 143ல நின்னு போச்சு. அவ பென்சில் எடுக்கறப்ப நான் பாத்ரூமுக்குப் போயிடறேன்.

விடணும். ஆனா தை மாசம் இருந்த அந்த உறுதி இப்ப இல்ல. "143 நாள் இருந்தே என்ன புண்ணியம்"னுதான் மனசு சொல்லுது. இன்னும் நாலு நாள்ல ஆடி வேற பொறக்குது. புதுசா எதையும் ஆரம்பிக்கற மாசம் இல்ல, ஆவணியில பாத்துக்கலாம்னு ஒரு நினைப்பு. மூணு வருஷம் முன்ன நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிப் பாத்தேன், தொண்டை எரிஞ்சு விக்கல் வந்ததுதான் மிச்சம். இப்படி விழுந்து எந்திரிச்சவங்க இருந்தா சொல்லுங்க. பொண்ணுகிட்ட சொல்றதா, சொல்லாமயே விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கறதா, அதுவும் தெரியல.

கரூர் மருந்துக்கடை எழுதியது:

அண்ணா, அப்பா தவறினதுக்கு வருத்தப்படறேன்.

சூயிங்கம் பத்தி மட்டும் நான் சொல்றேன். பதினொரு வருஷமா கவுன்டர்ல நிக்கறேன், எரியுதுன்னு திருப்பிக் கொண்டு வந்தவங்ககிட்ட எப்படி மென்னீங்கன்னு கேட்டா எல்லாரும் சாதா சூயிங்கம் மாதிரி மென்னுட்டே இருந்தேன்னுதான் சொல்லுவாங்க. அப்படி மென்னா நிக்கோட்டின் எச்சியோட வயித்துக்குள்ள போயிடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் அதனாலதான். அது கன்னத்து உள்தோல் வழியாத்தான் உடம்புல ஏறணும். மெதுவா நாலஞ்சு தடவை கடிங்க. மிளகு கடிச்ச மாதிரி ஒரு சுருக் வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சுடுங்க. சுருக் அடங்கினதும் மறுபடி கடிச்சு, இந்தத் தடவை வேற பக்கம் ஒதுக்குங்க. இப்படியே அரை மணி நேரம். டீ, காபி, ஜூஸ் குடிச்ச உடனே போடக்கூடாது, கால் மணி நேரமாவது போகட்டும். வாய்ல புளிப்பு இருந்தா தோல் வழியா ஏறாது. நீங்க டீ டைம்லதான் போட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன்.

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு ரெண்டு இருக்கு. எந்திரிச்ச அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பத்த வைக்கறவங்களுக்கு 4, மத்தவங்களுக்கு 2 போதும். ஆரம்பத்துல ஒன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒன்னுன்னு போட்டு, படிப்படியா குறைச்சு மூணு மாசத்துல நிறுத்தணும். நெஞ்சு வலி, சமீபத்துல ஹார்ட் பிரச்சினை ஏதாவது இருந்தா மட்டும் முதல்ல டாக்டரைப் பாத்துடுங்க.

இன்னொன்னு, யாரும் சொல்ல மாட்டாங்க. சிகரெட் புகையில இருக்கற சில பொருள், டீ காபியில இருக்கற கஃபீனை ஈரல் வேகமா கழிக்கற மாதிரி பண்ணிடும். சிகரெட்டை நிறுத்தினா அந்த வேகம் போயிடும். நீங்க குடிக்கற அதே அளவு டீ உடம்புல ரொம்ப நேரம் தங்கும். கை படபடப்பு, ராத்திரி தூக்கமின்மை எல்லாம் சிகரெட் இல்லாததாலன்னு நினைச்சு மறுபடி பத்த வைப்பாங்க. டீயைப் பாதியாக் குறைங்க.

ஆண்டிபட்டி ரூட் எழுதியது:

தம்பி, நான் ரிட்டயர்டு பஸ் டிரைவர். மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி. இருபத்தாறு வருசம் அந்த ரோடு. ஒவ்வொரு சிங்கிள், அதாவது ஒரு பக்க ட்ரிப்பு, முடிஞ்சதும் இறங்கி ஒன்னு பத்த வச்சாத்தான் அடுத்த சிங்கிள். அஞ்சு தடவை விட்டேன், அஞ்சு தடவையும் விழுந்தேன். அஞ்சாவது தடவை பதினொரு மாசம் இருந்துட்டு விழுந்தேன். விழுந்தது ஒரு நல்ல நாள்ல. மக கல்யாணம் பேசி முடிச்சு, மனசு நிறைஞ்சு, டூட்டி முடிஞ்சு டெப்போவுல உக்காந்திருக்கேன். நீ தாராபுரம் பஸ் ஸ்டாண்டைச் சொன்னதும் எனக்கு அந்த பெஞ்சு ஞாபகம் வந்துருச்சு. கஷ்டம் வர்றப்ப நாம உசாரா இருப்போம். கஷ்டம் முடிஞ்சு மூச்சு விடுற நேரத்துல காவல் இல்லாமப் போயிருது.

143 நாள் என்ன புண்ணியம்னு கேட்டியே. உங்கப்பா காரியத்துல, மயானத்துல பங்காளிங்க நீட்டுன பாக்கெட்டை வேண்டாம்னு தள்ளுனது எந்தக் கை? அந்தக் கை இப்பவும் உன்கிட்டதான் இருக்கு. நானா இருந்தா அன்னைக்கே விழுந்திருப்பேன்.

ஆடியை விடு. ஆடியில புதுசா ஆரம்பிக்கக் கூடாதுன்னா, நீ எதையும் புதுசா ஆரம்பிக்கல. தையில விதைச்சது பாதியில நிக்குது, தண்ணி பாய்ச்சப் போற. ஆடியில விதைக்கிறவனே இருக்கான், தண்ணி பாய்ச்ச என்ன தடை?

நான் கடைசியா விட்டது 2019ல. சிகரெட் பாக்கெட்டுல 1800-11-2356ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும் பாரு. காசு கிடையாது. எனக்கும் நம்பிக்கை இல்லாமத்தான் அடிச்சேன். தமிழ்லயே பேசினாங்க. எத்தனை பிடிப்ப, எப்பப் பிடிப்ப, எங்க விழுந்தன்னு பொறுமையா கேட்டாங்க. ஒரு தேதி குறிக்கச் சொன்னாங்க. அப்புறம் அவங்களே போன் போட்டு எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சாங்க. யாரோ ஒருத்தர் நம்மளை ஞாபகம் வச்சுக் கேக்குறாங்கங்கிறதுக்காகவே நாலு நாள் ஓடுச்சு. முதல் மூணு நாள்தான் உசுர் போற மாதிரி இருக்கும், ஒரு வாரம் தாண்டுனா இறங்க ஆரம்பிக்கும். ஆசை வந்துச்சுன்னா அதுவும் சில நிமிசந்தான் நிக்கும். நான் அப்ப பஸ்சைச் சுத்தி நடந்து ஆறு டயரையும் தட்டிப் பாப்பேன். முடிக்கறதுக்குள்ள அது போயிருக்கும். உன் டேபிள்ல உனக்கு என்ன இருக்குன்னு நீதான் பாக்கணும். கை சும்மா இருக்கக் கூடாது, அதை நீயே கண்டுபிடிச்சுட்ட.

மூணாவது பொண்ணு எழுதியது:

அண்ணா, நான் சிகரெட் பிடிச்சதில்லை. ஆனா நீங்க கடைசியா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

எங்கப்பாவும் விட்டுட்டேன்னு சொல்லிட்டு மறைச்சுப் பிடிச்சார். ஏலக்காய் மென்னுட்டு வருவார். எங்க மூணு பேருக்கும் தெரியும். அப்போ எனக்கு வயசு பன்னெண்டு. அவர் கிட்ட வந்து தலையைத் தடவுவார், விரல்ல வாசனை இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. நாங்க தெரிஞ்சே சும்மா இருந்தோம், கேட்டா அவர் முகம் எப்படி ஆகும்னு பயம். அவர் பொய் சொல்றார்னு கோபம்கூட வரல. நம்மகிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நாம என்ன பண்ணிட்டோம்னுதான் இருந்துச்சு.

உங்க பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கலாம். சொல்லிடுங்க அண்ணா. விட்டதுக்கு அப்புறம் சொல்லலாம்னு வெக்காதீங்க.

கரூர் மருந்துக்கடை எழுதியது:

சூயிங்கத்துலயும் அடங்கலைன்னா அரசு மாவட்ட மருத்துவமனையில புகையிலை நிறுத்த ஆலோசனை மையம் எங்கன்னு கேளுங்க. தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பேட்ச், மாத்திரைன்னு வேற வழியும் இருக்கு. மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம யாரும் வாங்கக் கூடாது, எந்தக் கடையிலயும் கேக்காதீங்க.

கட்டிங் டேபிள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. உடனே எழுத முடியல. ஷிப்மென்ட் நேரம், ஒன்றரை ஷிப்ட் ஓடிட்டு இருந்துச்சு.

தங்கச்சி எழுதினதை நாலஞ்சு தடவை படிச்சேன். மூணாம் நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு எம்பொண்ணைக் கூப்பிட்டேன். அன்னைக்குக் காலண்டர்ல 184. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து டிக்கில இருக்கற சட்டை வரைக்கும் சொன்னேன். வீட்டுக்காரி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா, ஒன்னும் பேசல. பொண்ணு "தெரியும்"னும் சொல்லல, "தெரியாது"ன்னும் சொல்லல. "தாத்தாவுக்கு சாமி கும்பிட்ட அன்னைக்கா?"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன்.

எந்திரிச்சுப் போய் கிளிப்பை எடுத்துட்டு வந்தா. அடியில இருந்து எண்ணி, 143ல நிறுத்தினா. அதுக்கு மேல இருந்ததைத் தனியா உருவினா. சுவத்துல இருந்ததையும் கிழிச்சு அதோட சேர்த்தா. மொத்தம் 41 தாள். 143ஐ மறுபடி கிளிப்புல மாட்டிட்டு, "இதை நான் ரஃப் நோட்டுக்கு எடுத்துக்கட்டுமா?"ன்னு அந்த 41ஐக் கையில வெச்சுட்டுக் கேட்டா. எடுத்துக்க சாமின்னேன்.

மறுநாள் ஆடி 1. அந்தத் தாள்ல 144ன்னு எழுதியிருந்தா. 1ன்னு போடுவான்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

இன்னைக்கு 152. முதல் மூணு நாள் ரொம்பவே கஷ்டமா இருந்துச்சு, கட்டிங் மெஷினைப் பிடிக்கவே யோசனையா இருந்துச்சு, அந்த மூணு நாளும் வெட்டற வேலையை இன்னொருத்தர்கிட்டக் குடுத்துட்டு நான் துணி விரிக்கறதை மட்டும் பாத்துக்கிட்டேன். சூயிங்கம் 2 மில்லிகிராம் வாங்கி, ஒதுக்கி வெக்கறேங்க, இந்தத் தடவை விக்கல் இல்ல. டீ அஞ்சுல இருந்து ரெண்டாச்சு. டீ டைம்ல கேட்டுக்கு வெளிய போறதில்ல, வெட்டுத் துணியைக் கட்டுக் கட்டறேன். அந்த நம்பருக்குப் பேசினேன், வர்ற வாரம் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க.

ஒரு சந்தேகம் மருந்துக்கடை சார், சாப்பிட்ட உடனேதான் ரொம்ப இழுக்குது. வாய் கொப்புளிச்சுட்டு உடனே ஒன்னு போடலாமா, இல்ல அதுக்கும் கால் மணி நேரம் காத்திருக்கணுமா?