கராஜ் கோல்ஃப் சிமுலேட்டர்: 9.5 அடி கூரைக்கு எந்த ப்ரொஜெக்டர், எங்கே மாட்டுவது?

புல்வெளி_டாலஸ் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. டாலஸ் பக்கம் மூன்று கார் கராஜில் தனிக் கதவு உள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தை சிமுலேட்டருக்கு ஒதுக்கியிருக்கிறேன். அகலம் 14 அடி, நீளம் 21 அடி, கூரை உயரம் 9 அடி 6 அங்குலம். கதவுக்கு எதிர்ப்புறச் சுவரில் திரை. திரைக்கும் சுவருக்கும் நடுவே 1 அடி இடைவெளி விடப் போகிறேன். திரையிலிருந்து பந்து 10 அடி தள்ளி. லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகம், திசையை அளக்கும் கருவி) தரையில் பக்கவாட்டில் வைக்கும் வகை. வலது கை ஆட்டம்தான்.

திரை 4:3 வடிவத்தில், முடிந்தவரை பெரிதாக வேண்டும். மூன்று மாடல் பார்த்து வைத்திருக்கிறேன்: ஆப்டோமா ஜிடி1080எச்டிஆர் (த்ரோ, அதாவது திரைக்கு உள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்த விகிதம், 0.5), பென்க்யூ டிஎச்671எஸ்டி (0.69 முதல் 0.83), பென்க்யூ டிகே700எஸ்டிஐ (0.9 முதல் 1.08, 4கே). எதை எடுக்கலாம்? கூரையில் எந்த இடத்தில் மாட்டினால் நிழல் விழாது, பந்தும் அடிக்காது?

லென்ஸ்_கணக்கு

மாடல் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஆஃப்செட்டைப் பாருங்கள், அதாவது லென்ஸ் மட்டத்திலிருந்து படம் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை. 9.5 அடி கூரையில் முடிவு செய்வது அதுதான். கடை விளம்பரத்தில் த்ரோ பெரிய எழுத்தில் இருக்கும், ஆஃப்செட் ஸ்பெக் ஷீட்டின் அடியில் எங்கோ கிடக்கும்.

கூரையில் தலைகீழாக மாட்டினால் படத்தின் மேல் விளிம்பு லென்ஸ் மட்டத்துக்குக் கீழேதான் தொடங்கும். ஆஃப்செட் 116% என்றால் பட உயரத்தில் 16% அளவு கீழே. 105% என்றால் 5% கீழே. உங்கள் கூரை 114 அங்குலம். மவுண்ட், உடல் எல்லாம் போக லென்ஸ் கூரையிலிருந்து 6 அங்குலம் கீழே, அதாவது தரையிலிருந்து 108 அங்குலத்தில் வரும். படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அங்குலம் என்று வைத்தால் மிச்சம் 104. அதை 1.16ஆல் வகுத்தால் பட உயரம் ஏறக்குறைய 89 அங்குலம், 4:3 அகலம் 9 அடி 11 அங்குலம். 1.05ஆல் வகுத்தால் உயரம் 99 அங்குலம், அகலம் 11 அடி. ஒரே அறையில் ஆஃப்செட் மட்டும் மாறி ஓரடிக்கு மேல் அகலம் போகிறது.

ப்ரொஜெக்டரை மேல்நோக்கிச் சாய்த்து, கோணலான படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியில் சரிசெய்யலாம் என்பார்கள். செய்யாதீர்கள். கீஸ்டோன் பிக்சலை வெட்டித்தான் படத்தை நேராக்குகிறது. கூர்மையும் குறையும், வெளிச்சமும் குறையும், வெட்டிய இடத்தில் சாம்பல் நிற ஓரம் சுவரில் தெரியும்.

அடுத்து தூரம். மூன்றிலும் படத்தை உருவாக்கும் சிப் 16:9 வடிவம். 4:3 திரையில் உயரத்தை நிரப்பி இரு பக்கமும் கறுப்பாக விடப் போகிறீர்கள், ஆகவே தூரத்தைத் திரையின் அகலத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. 16:9 முழு அகலத்தை வைத்துப் போட வேண்டும். திரை விளிம்பிலேயே படம் நிற்காமல் பெரிதாகப் போவதற்குப் பெரும்பாலும் இந்தத் தவறுதான் காரணம். 99 அங்குல உயரத்துக்கு முழு அகலம் 176 அங்குலம். 0.69ஆல் பெருக்கினால் 121 அங்குலம், 0.83ஆல் 146. ஆக, லென்ஸ் திரையிலிருந்து 10 அடி 1 அங்குலத்துக்கும் 12 அடி 2 அங்குலத்துக்கும் நடுவே எங்கும் வரலாம். ஜூமின் கடைசி முனையில் திட்டமிடாமல் 10 அடி 6 அங்குலத்தில் வையுங்கள்.

நிழல்: லென்ஸ் 108 அங்குல உயரத்தில், கிட்டத்தட்ட உங்கள் தலைக்கு நேர் மேலே இருப்பதால், ஒளிக்கற்றை உங்களைத் தாண்டி முன்னால்தான் கீழே இறங்கும். 10 அடி 6 அங்குலத்தில் உடல் நிழல் விழாது. 0.9 த்ரோவில் லென்ஸ் 13 அடிக்குப் போகும். நிற்கும்போது தப்பிக்கலாம், ஆனால் கிளப்பைத் தூக்கும்போதும், டீ வைக்க முன்னால் போகும்போதும் கை, தலை எல்லாம் ஒளிக்குள் வரும்.

என் தேர்வு 0.69 வகை. ஆஃப்செட் 105% என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வாங்கும் முன் அந்த மாடலின் ஸ்பெக் ஷீட்டில் ஒருமுறை சரிபாருங்கள். 0.5 வகைக்கு ஜூம் கிடையாது, ஆணி அடித்த இடம்தான் படத்தின் அளவு. அல்ட்ரா ஷார்ட் த்ரோ (திரைக்கு மிக அருகில் வைக்கும் வகை) பக்கமே போக வேண்டாம்: திரைக்கு அடியில் வைத்தால் பந்து திரும்பி வந்து அதன் மேல் விழும், திரையின் ஒவ்வொரு சுருக்கமும் கோடாகத் தெரியும்.

ஜாய்ஸ்ட்_ராஜா

மேலே சொன்ன 10 அடி 6 அங்குலம் சரிதான், ஆனா அந்த இடத்துல ஏற்கெனவே ஒண்ணு தொங்குதே! திரை சுவர்லேர்ந்து 1 அடி, அப்புறம் 10.5 அடி, ஆக பின்சுவர்லேர்ந்து 11.5 அடி. கதவுலேர்ந்து 9.5 அடி. 7 அடி கதவுக்கு ஓப்பனர் மோட்டார் ஏறக்குறைய அங்கதான், அதுவும் நடு மையத்துல இருக்கும். டேப் வச்சு முதல்ல அதை அளந்துடுங்க. கதவுக்கு மேல சுழலுற தண்டு (ஷாஃப்ட்) பக்கத்துல சுவர்ல மாட்டுற ஓப்பனருக்கு மாத்திட்டா நடு ரெயிலே கிடையாது. கதவு ஓடுற தண்டவாளத்தையும் உயர்த்திடுறது நல்லது, இல்லேன்னா திறந்த கதவு தலைக்குப் பின்னால கிடக்கும், பேக்ஸ்விங் அதுலதான் போய் இடிக்கும். உயர்த்தாதவரைக்கும் கதவை மூடிட்டுத்தான் ஆடணும்.

மாட்டுற முறை: டிரைவால்ல (ஜிப்சம் பலகைல) ஆங்கர் போட்டு நிறுத்தாதீங்க. எடை 3 கிலோவுக்குள்ளதான், ஆனா கதவு ஏறி இறங்குற அதிர்வுல நாளாவட்டத்துல ஆங்கர் தளரும், படம் சாயும். ஸ்டட் ஃபைண்டர்ல ஜாய்ஸ்ட் (கூரையைத் தாங்குற மரச்சட்டம்) கண்டுபிடிங்க. கராஜ் ட்ரஸ்னா பெரும்பாலும் 24 அங்குலத்துக்கு ஒண்ணு. மையக்கோட்டுல சரியா ஜாய்ஸ்ட் வரவே வராது. அதனால முக்கால் அங்குல பிளைவுட் பலகை, 8 அங்குல அகலம், ரெண்டு ஜாய்ஸ்டையும் தொடுற நீளம். ஒவ்வொரு ஜாய்ஸ்டுக்கும் ரெண்டு, கால் அங்குல லேக் ஸ்க்ரூ (மரத்துல போடுற தடிச்ச ஸ்க்ரூ), 3 அங்குல நீளம். பைலட் ஓட்டை போடாம முறுக்கினா மரம் பிளக்கும்.

பலகைக்குக் கீழ ரெண்டடி யூனிஸ்ட்ரட் சேனல் (பள்ளம் வச்ச இரும்புச் சட்டம்), திரையை நோக்கி நீளவாட்டுல. மவுண்டை அதுல மாட்டினா முன்னும் பின்னும் நகர்த்தலாம். காகிதக் கணக்கு 2, 3 அங்குலம் தப்பும், அதுக்குத்தான் இது. சேனலும் பலகையும் சேர்ந்து ரெண்டரை அங்குலம் தின்னும், லென்ஸ் 6 அங்குலத்துக்குள்ள வரணும்னா குட்டை மவுண்ட் எடுங்க, கம்பி வச்சது வேண்டாம்.

ப்ரொஜெக்டர் அடியில போற ஸ்க்ரூ பொதுவா எம்4. நீளம் மேனுவல்ல இருக்கும், அதைத் தாண்டினா உள்ள போர்டைக் குத்தும். கையால இறுக்கினா போதும்.

எச்டிஎம்ஐ: பிசி கீழ இருந்தா சுவர் ஏறி வர 30 அடி ஆகும். அந்த நீளத்துக்குச் சாதாரண செப்புக் கம்பியில படம் மின்னும், அப்பப்போ இருட்டாகும். ஃபைபர் வகை வாங்குங்க. அதுக்குத் திசை உண்டு, பிசி முனையை பிசியிலதான் சொருகணும். டிரைவாலுக்குள்ள இழுக்குறதுக்கு முன்னாடி தரையில விரிச்சுப் போட்டு ஒருதடவை படம் வருதான்னு பாத்துடுங்க. கரன்ட்டுக்கு கூரையிலேயே அவுட்லெட் வைக்கச் சொல்லுங்க, பவர் கார்டைச் சுவருக்குள்ள விடுறது மின்வேலை விதிப்படி கூடாது.

புல்வெளி_டாலஸ்

ரொம்ப நன்றி இருவருக்கும். ஓப்பனரை யோசிக்கவே இல்லை. இன்னும் ரெண்டு சந்தேகம்: 3000 லூமென்ஸ் 11 அடி திரைக்குப் போதுமா? 4கே இல்லாவிட்டால் புல்வெளி மங்கலாகத் தெரியுமா?

லென்ஸ்_கணக்கு

11 அடிக்கு 8.25 அடி, ஏறக்குறைய 91 சதுர அடி. 16:9 சிப்பில் 4:3 படம் காட்டும்போது பிக்சலில் முக்கால் பங்குதான் திரைக்கு வருகிறது, 3000 என்பது 2250 ஆகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் லூமென்ஸ் பச்சை தூக்கலான மிகப் பிரகாசமான மோடில் அளந்தது. நிறம் சரியாகத் தெரியும் மோடில் 70% என்று வையுங்கள், 1575. 91ஆல் வகுத்தால் 17 ஃபுட் லாம்பர்ட் (திரையின் பிரகாச அளவு). இருட்டுத் திரையரங்கின் அளவு 14. ஆக விளக்கணைத்த கராஜில் தாராளம். நின்று அடிக்கும் விரிப்புக்கு மேலே விளக்கு எரிந்தால் வெளுக்கும். விளக்கு வேண்டும் என்றால் அதே த்ரோவில் 4000 லூமென்ஸ் லேசர் பாருங்கள், 23 வரும். லேசர் 20,000 மணி நேரம் என்கிறார்கள். லேம்ப் மாற்ற ஏணி ஏறும் வேலை இல்லை. பட்ஜெட்டில் கூடுதல் பணம் இருந்தால் அதை 4கேயில் போடாமல் வெளிச்சத்தில் போடுங்கள். பந்து படும் திரைத்துணியின் நெசவே நுண்ணிய விவரத்தை விழுங்கிவிடும். கேம் ஆடுபவர்கள் பார்க்கும் இன்புட் லேகும் (படம் திரைக்கு வரும் தாமதம்) இங்கே முக்கியமில்லை.

பிசியில் 1440×1080 என்று தனி ரெசல்யூஷன் உருவாக்கி, ஸ்கேலிங்கில் விகிதத்தை மாற்றாத அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் 22 அங்குலம் கறுப்புப் பட்டை வரும். இந்த டிஎல்பி வகை ப்ரொஜெக்டர்களின் கறுப்பு முழுக் கறுப்பு கிடையாது, மங்கிய சாம்பல். உங்களுக்குத் திரைக்கு இரு பக்கமும் 18 அங்குலம்தான் இடம், மிச்சம் பக்கச் சுவரில் ஏறும். அங்கே பளபளப்பில்லாத கறுப்புத் துணி தொங்கவிட்டால் கண்ணில் படாது.

ஃபோகஸ் கடைசி வேலை. போட்டு அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு செய்யுங்கள், குளிர்ந்திருக்கும்போது வைத்த ஃபோகஸ் நகர்ந்துவிடும். ஷார்ட் த்ரோ லென்ஸில் நடுவைக் கூர்மையாக்கினால் மூலை மங்கும். நடுவுக்கும் மூலைக்கும் பாதி வழியில் இருக்கும் எழுத்தைப் பார்த்து வையுங்கள்.

ஷாங்க்_காவலன்

பந்து பற்றி யாரும் சொல்லவில்லை. லென்ஸ் பந்துக்கு மேலே, அரையடி பின்னால் இருப்பதால் நேரடி அடி படாது; 45 டிகிரியில் கிளம்பும் வெட்ஜ் ஷாட்கூட முன்னோக்கித்தான் போகும். கிளப்பின் உச்சமும் பந்துக் கோட்டுக்கு மேலே வராது, நீங்கள் நிற்கும் பக்கம்தான் வரும். இருந்தாலும் டிரைவரை மெதுவாக முழு வட்டம் சுற்றி, இன்னொருவரை ஏணியில் நிறுத்தி இடைவெளியைப் பார்த்த பிறகே துளை போடுங்கள். உயரமான நண்பர் ஆடுவார் என்றால் அவரையும் சுற்றச் சொல்லுங்கள்.

உண்மையான ஆபத்து திரையில் பட்டுத் திரும்பும் பந்து. திரையை முரசு போல இறுக்கிக் கட்டினால் வேகமாகத் திரும்பும். கட்டும் எலாஸ்டிக் கயிற்றில் (பஞ்சீ கார்ட்) கொஞ்சம் தளர்வு விடுங்கள். முன்பக்கமும் அடிப்பக்கமும் கம்பி வலைக் கூண்டு போதும். அக்ரிலிக் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், சூடு வெளியேறாது.

சூடு டாலஸில் பெரிய விஷயம். பெரும்பாலான ப்ரொஜெக்டர்கள் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்கலாம் என்று மேனுவலில் இருக்கும். ஆகஸ்ட் மதியம் மூடிய கராஜ் அதைத் தாண்டும், கூரையடியில் இன்னும் அதிகம். மினி ஸ்ப்ளிட் ஏசி போடும் எண்ணம் இருந்தால், அதன் காற்று நேராக ப்ரொஜெக்டர் மேல் படாமல் பக்கச் சுவரில் வையுங்கள். ஆடி முடித்ததும் மெயினை அணைக்காமல் ஃபேன் நிற்கும்வரை விடுங்கள். மரம் அறுக்கும் வேலையை அதே கராஜில் செய்வதாக இருந்தால் முதலில் ப்ரொஜெக்டருக்கு உறை போட்டுவிடுங்கள், அந்தத் தூள் ஃபேன் வழியாக நேரே உள்ளே போகும்.