லின்லித்கோ அரண்மனை, முட்டி வலியோட அம்மா: யாராச்சும் சொல்லுங்க

எடின்பரோ பக்கம் இருக்கிற மக்களே, அடுத்த மாசம் அம்மாவ லின்லித்கோ கூட்டிட்டுப் போறேன், ட்ரெயின்ல அரை மணிக்குள்ள போயிடலாம் அது பிரச்சினை இல்ல, ஆனா ஸ்டேஷன்ல இருந்து அரண்மனைக்கு கிர்க்கேட்ங்கிற தெரு மேட்டுல ஏறணுமே, முட்டி வலியோட முடியுமா இல்ல டாக்ஸி வாசல் வரைக்கும் விடுவாங்களா? 1542ல ஸ்காட்லாந்து ராணி மேரி பிறந்த இடம்னு சொன்னதுல இருந்து அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க (அந்த முட்டிய வச்சுக்கிட்டு!). எனக்கு நடு முற்றத்துல ராஜா ஐந்தாம் ஜேம்ஸ் 1538ல கட்டின கல் ஃபவுண்டன்ல தண்ணி ஓடுறத பாக்கணும், எந்த நாள்ல திறந்து விடுவாங்க? பக்கத்து செயின்ட் மைக்கேல் சர்ச் மேல 1964ல வச்ச அலுமினிய முள்கிரீடம் போட்டோல ராக்கெட் மாதிரி இருக்கு, நேர்ல எப்படி? அரண்மனைய ஒட்டி இருக்கிற ஏரிய சுத்தி வர்ற பாதைல வீல்சேர் போகுமா? வெஜ் சாப்பாட்டுக்கு நல்ல கடை இருந்தாலும் சொல்லுங்கப்பா.