ஜீன் ஆட்ரி: நடிப்பு வராத மனிதர் எப்படி நட்சத்திரமானார்?

படப்பெட்டி கேட்கிறார்:

சில வாரங்களாக 1930களின் அமெரிக்கக் குதிரைப் படங்களைப் பார்த்து வருகிறேன். 'பாடும் கௌபாய்' என்று பெயர் பெற்ற ஜீன் ஆட்ரியின் படங்களில் ஏழெட்டை முடித்துவிட்டேன். மனிதருக்கு நடிப்பு வராது என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. வசனத்தை ஒப்பிக்கிறார், காதல் காட்சியில் கதாநாயகியிடம் பேசுவதைவிடத் தம் குதிரை சாம்பியனிடம் இயல்பாகப் பேசுகிறார். ஆயினும் 1940ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் வசூலை ஈட்டித் தந்த முதல் பத்து நட்சத்திரங்களின் பட்டியலில், ஸ்பென்சர் ட்ரேஸிக்கும் கிளார்க் கேபிளுக்கும் அடுத்தபடியாக நான்காம் இடத்தில் நிற்கிறார். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், ஒரு மணி நேரம் ஓடும் மலிவான படங்களில் மட்டுமே நடித்த ஒருவருக்கு இது எப்படி வாய்த்தது? ராய் ரோஜர்ஸ் இவருக்குப் போட்டியாகவே உருவாக்கப்பட்டவர் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

ஒலித்தட்டு:

தாங்கள் அவரைத் திரையில் முதலில் பார்த்ததால் எழும் ஐயம் இது. அன்றைய ரசிகர்கள் அவரை முதலில் காதால் அறிந்தவர்கள்.

ஆட்ரி 1907இல் டெக்சஸ் மாநிலத்தின் டியோகா என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்து, அங்கும் ஓக்லஹோமாவிலுமாக வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல் விற்பனைப் பட்டியலைப் பார்த்து எட்டு டாலருக்கு ஒரு கிடார் வாங்கினார். பிறகு ரயில்வேயில் தந்தி ஊழியராகச் சேர்ந்து, இரவுப் பணியில் தூக்கம் வராமலிருக்கப் பாடிக்கொண்டிருந்தார். அப்படி ஓர் இரவில் தந்தி அனுப்ப வந்த நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ், "வானொலிக்குப் போ" என்று ஊக்கப்படுத்தியதாக ஆட்ரியே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் 1929 முதல் அவர் இசைத்தட்டுகளில் பாடியதும், சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் வானொலியில் கிராமிய இசை நிகழ்ச்சியின் வழியாக நாடறிந்த குரலானதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. பட்டியலைப் பார்த்துக் கிடார் வாங்கிய சிறுவனின் பெயரிலேயே 1932இல் சியர்ஸ் ஒரு கிடாரை விற்கத் தொடங்கியது. அப்போது அவர் ஒரு படத்தில்கூடத் தலைகாட்டியிருக்கவில்லை.

1934இல் கென் மேனார்ட் நாயகனாக நடித்த படமொன்றில் ஒரு நடனக் காட்சியில் பாடிவிட்டுப் போகும் சிறு வேடம் கிடைத்தது. (நம் பாகவதர் 'பவளக்கொடி'யில் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். பேசும் படம் வந்ததும் குரலைத் தேடித் திரை ஓடியது எல்லா நாட்டிலும் நடந்ததே.) அடுத்த ஆண்டே பன்னிரண்டு பகுதிகள் கொண்ட தொடர்படம் ஒன்றில் அவரை நாயகனாக்கினார்கள். அதன் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். பூமிக்குக் கீழே ஓர் அரசி ஆளும் நகரம். அங்கே இயந்திர மனிதர்களும் கதிர்வீச்சுக் கருவிகளும் இருக்கின்றன. அதில் சிக்கிக்கொள்ளும் ஆட்ரி, ஒவ்வொரு நாளும் பிற்பகல் இரண்டு மணிக்குள் எப்படியாவது மேலே வந்து தம் பண்ணையிலிருந்து வானொலியில் பாடியாக வேண்டும். தவறினால் ஒப்பந்தம் போய்விடும். உலகம் அழிவதைவிட ஒப்பந்தம் முறிவதே அந்தக் கதையில் பெரிய கவலை.

நடிப்பு வராது என்பதைத் தயாரிப்பாளர்களும் அறிந்தே இருந்தனர். அதனால்தான் பெரும்பாலான படங்களில் அவருடைய பாத்திரத்தின் பெயரே 'ஜீன் ஆட்ரி'. வானொலியில் கேட்ட மனிதர் அதே பெயரோடு திரையில் வந்து பாடினால் போதும். நகைச்சுவையை ஸ்மைலி பர்னெட் பார்த்துக்கொண்டார்.

மாலைக்காட்சி:

ஒலித்தட்டு ஐயா ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டதால், இரண்டாவது கேள்விக்கு அங்கிருந்தே விடை சொல்கிறேன். ஆட்ரியின் வாழ்க்கையில் நடந்த பெரிய சண்டைகள் துப்பாக்கியால் நடந்தவை அல்ல. ஒப்பந்தத் தாளால் நடந்தவை.

1935இல் சில சிறு நிறுவனங்களை இணைத்து ஹெர்பர்ட் யேட்ஸ் உருவாக்கிய ரிபப்ளிக் நிறுவனம், ஆட்ரி படம் வேண்டுமென்ற திரையரங்கு உரிமையாளர்கள் தன் மற்றப் படங்களையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. தென் மாநிலங்களிலும் நடு மேற்கிலும் சிற்றூர்களில் கொட்டகை நடத்தியவர்களுக்கு இது பெருஞ்சுமை. அவர்களுடைய குறை ஆட்ரியின் காதுக்கு வந்தது. தம் படங்கள் ஈட்டும் தொகையோடு ஒப்பிட்டால் தமக்குக் கிடைக்கும் ஊதியம் மிகவும் குறைவு என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. 1938இன் தொடக்கத்தில் அடுத்த படத்தின் படப்பிடிப்புக்கே அவர் வரவில்லை.

யேட்ஸ் காத்திருக்கவில்லை. 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' என்ற பாட்டுக் குழுவிலிருந்து வந்து நிறுவனத்தில் ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்த லெனர்ட் ஸ்லை என்ற இளைஞருக்கு 'ராய் ரோஜர்ஸ்' என்று பெயர் மாற்றி, ஆட்ரிக்காக வைத்திருந்த படத்தில் நாயகனாக்கினார். ஆகவே தாங்கள் கேள்விப்பட்டது உண்மை. அதே ஸ்லை 1936இல் ஆட்ரியின் படமொன்றில் துணைப் பாத்திரத்தில் வந்தவர் என்பது கூடுதல் சுவை. சில மாதங்களில் ஆட்ரி மேம்பட்ட நிபந்தனைகளோடு திரும்பிவிட்டார். ஆனால் அதற்குள் நிறுவனத்தின் கையில் இரண்டு பாடும் கௌபாய்கள் இருந்தனர்.

படப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால், 1937 முதல் 1942 வரை குதிரைப் பட நாயகர்களில் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தவர் 1943இல் அதை ரோஜர்ஸிடம் இழந்தது போரினால்தானா?

ஒலித்தட்டு:

ஆம். 1942 ஜூலையில், தம்முடைய 'மெலடி ராஞ்ச்' வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே அவர் ராணுவ உறுதிமொழி எடுத்துக்கொண்டார். வீரர்களை மகிழ்விக்கப் பாடினால் போதும் என்ற நிலையில் நின்றுவிடாமல், விமானியாகத் தகுதி பெற்று, சரக்கு விமானங்களை ஓட்டும் பிரிவில் பணியாற்றினார். அந்த இடைவெளியில் ரிபப்ளிக், ரோஜர்ஸையும் அவருடைய குதிரை ட்ரிக்கரையும் முழு மூச்சாக விளம்பரப்படுத்தியது. முதலிடம் 1954 வரை ரோஜர்ஸிடமே இருந்தது. திரையில் ரோஜர்ஸ்தான் மேலான கலைஞர் என்பது என் கருத்து. குரலிலும் குதிரையேற்றத்திலும் ஆட்ரியிடம் இல்லாத ஓர் எளிமை அவரிடம் இருந்தது.

மாலைக்காட்சி:

கலையில் ரோஜர்ஸ் என்றால் ஒப்புக்கொள்கிறேன், கணக்கில் ஆட்ரிதான். போர் முடிந்து திரும்பியவரிடம், ராணுவத்தில் கழித்த ஆண்டுகளுக்கான படங்களையும் நடித்துக் கொடுக்க வேண்டும் என்று ரிபப்ளிக் வாதிட்டது. ராணுவப் பணியால் ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றார் ஆட்ரி. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 1947இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. உடனே சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தோடு கொலம்பியா என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்குப் போனார். சம்பளத்துக்கு நடித்தவர் அதன்பின் தம் படங்களின் பங்குதாரர் ஆனார்.

தொலைக்காட்சியைக் கண்டு மற்ற நட்சத்திரங்கள் ஒதுங்கிய வேளையில், 1950இல் தாமே ஒரு தொடரைத் தயாரித்து நடித்தார். 91 பகுதிகள் வந்தன. 'ருடால்ஃப் தி ரெட்-நோஸ்டு ரெய்ண்டீர்' என்ற கிறிஸ்துமஸ் கலைமான் பாடலை 1949இல் மனைவி வற்புறுத்தியதால் அரை மனதோடு பதிவு செய்தார் என்பார்கள். விற்பனையில் அவருடைய மற்ற எல்லாப் பாடல்களையும் அது விஞ்சிவிட்டது. 1953க்குப் பிறகு திரைப்பட நாயகனாக அவர் நடிக்கவில்லை.

அவருடைய வானொலி நிலையத்துக்குப் பேஸ்பால் ஒலிபரப்பு உரிமை தேவைப்பட்டது. 1960 டிசம்பரில் அதைக் கேட்பதற்காக அணி உரிமையாளர்களின் கூட்டத்துக்குப் போனவர், லாஸ் ஏஞ்சலிஸின் புதிய அணிக்கே உரிமையாளராகத் திரும்பினார். அந்த 'ஏஞ்சல்ஸ்' அணி இறுதிக் கட்டமான வேர்ல்ட் சீரிஸை எட்டிப் பார்க்க அவர் ஏறக்குறைய முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தார், நடக்கவில்லை. 1998 ஜூலையில் ரோஜர்ஸ் மறைய, மூன்று மாதம் கூட ஆகுமுன் அக்டோபரில் ஆட்ரியும் 91ஆம் வயதில் காலமானார். அணி 2002இல் கோப்பையை வென்றது. அன்று அணியின் பட்டியலில் ஆட்டக்காரர்கள் இருபத்தைந்து பேராக இருந்ததால், இருபத்தாறாவது ஆள் அவரே என்று பொருள்பட, 26ஆம் எண் சட்டையை யாரும் அணியக் கூடாதென அவர் உயிரோடு இருந்தபோதே எடுத்து வைத்துவிட்டனர்.