இழுத்தால் அகல வேண்டிய கிறிஸ்டோபலைட் என் பெட்டியில் அகலவில்லை

கேள்வி:
சிலிக்காவின் ஒரு படிக வடிவமான ஆல்ஃபா கிறிஸ்டோபலைட்டை லாம்ப்ஸில் (அணுக்களின் அசைவைக் கணிக்கும் மென்பொருள்) இழுத்துப் பார்க்கிறேன். 1992-இல் ஒளிச்சிதறல் முறையில் அளந்தபோது பாய்ஸான் விகிதம் (இழுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்ற அளவு; எதிர்க்குறி என்றால் அகலும்) சில திசைகளில் −0.5 வரை போனது. நான் இசட் அச்சில் 1% இழுத்தால் எக்ஸும் ஒய்யும் துளியும் மாறவில்லை. பிகேஎஸ் விசைப்புலம் (அணுக்களுக்கு இடையிலான விசைகளுக்கான மாதிரி), 300 கெல்வின், 12 அணுக்கள் கொண்ட ஒரே அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி). மூன்று வாரம் இதிலேயே போய்விட்டது.

பதில்:
என்விடி-யில் (பெட்டி தானாக அளவு மாறாத முறை) ஓட்டுகிறீர்களா? அப்படியானால் பக்கச் சுவர்களை நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் அழுத்தம் 0 என்று என்பிடி (அழுத்தத்தைப் பிடித்து, பெட்டியை மாறவிடும் முறை) கொடுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், என்விடிதான்! மாற்றிவிட்டேன். இப்போது பெட்டி அசைகிறது. ஆனால் ஒருமுறை அகலம், ஒருமுறை சுருக்கம்.

இன்னொரு பதில்:
12 அணுவில் வெப்ப அதிர்வுதான் தெரியும். 6×6×5 கூடுகள் வையுங்கள், 2160 அணுக்கள் வரும். அப்புறம், இசட் அச்சில் −0.5 எதிர்பார்க்காதீர்கள். அளந்த மீள்மாறிலிகளில் (எந்தத் திசையில் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண்கள்) சி13 −4.4, சி11 59.4, சி12 3.8 கிகாபாஸ்கல். சி13-ஐ சி11, சி12 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் −0.07தான், 1% இழுப்புக்கு 0.07% அகலம். பெரிய எண் சாய்ந்த திசைகளில் இருக்கிறது.

கேட்டவர்:
சராசரி −0.06 வந்தது! சிலிக்கன் நான்முகிகள் (ஒரு சிலிக்கனும் அதைச் சுற்றிய நான்கு ஆக்ஸிஜனும்) உருக்குலையாமல் ஒன்றோடொன்று சேர்ந்து திரும்புவதைத் திரையில் பார்த்தேன். அழகு. நாளை பெட்டியைச் சாய்த்து இழுக்கிறேன்.