டிக்கோயா குளிரில் நைமிரிஸ்: பூ வருது, காய் பிடிக்கல

கேள்வி: டிக்கோயா வாசி

வணக்கம். லயத்துக்குப் பின்னால் 20 லீட்டர் பெயிண்ட் வாளிகளில் ஐந்து நைமிரிஸ் மிளகாய்ச் செடி நிக்குது. பாதி தேயிலை மலை மண், பாதி மாட்டெரு. மாதம் ஒருமுறை தேயிலைக்குப் போடும் உரத்தில் வாளிக்கு ஒரு கைப்பிடி. செடி இடுப்பளவு, இலை நல்ல கரும்பச்சை. டிசம்பரிலிருந்து பூக்குது, ஆனா காம்பு மஞ்சளாகி எல்லாம் உதிருது. ரெண்டு செடியில் நுனி இலையும் சுருளுது. பக்கத்திலேயே நிக்கிற சின்னக் கொச்சி மிளகாய் மட்டும் கொஞ்சம் காய்க்குது. குளிரா, உரமா, நோயா?

பதில்: பண்டாரவளைத் தோட்டக்காரர்

குளிரும் உரமும் சேர்ந்துதான். நைமிரிஸ் பூ காயாக மாற இரவு வெப்பம் 16 முதல் 21 பாகை வரை இருந்தால் நல்லது. 15க்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை உங்கள் பக்கம் விடியற்காலை அதற்கும் கீழே இறங்கும். கொச்சி வேறு இனம். அதனால் அது காய்ப்பதை வைத்து நைமிரிஸை அளக்க வேண்டாம்.

அடுத்தது உரம். தேயிலையில் நாம் எடுப்பது கொழுந்து. அதனால் அந்தக் கலவையில் நைதரசன் தூக்கலாக இருக்கும். மிளகாய்ச் செடிக்கு அதைப் போட்டால் செடி இலையாகவே வளரும். 20 லீட்டர் மண்ணுக்கு ஒரு கைப்பிடி மிக மிக அதிகம், வேரே கருகலாம். உடனே நிறுத்துங்கள். நல்ல தண்ணீரை வாளியின் அடியில் வழியும் வரை இரண்டு முறை ஊற்றி, தேங்கிய உப்பை வெளியேற்றுங்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு தேக்கரண்டி எம்.ஓ.பி. என்ற பொட்டாசிய உரத்தை 5 லீட்டர் தண்ணீரில் கரைத்து வாளிக்கு 1 லீட்டர் வீதம் விடுங்கள். ஐந்து வாளிக்கும் அது போதும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். ஆறு கிழமைக்கு யூரியா பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது மண். தேயிலை மண் புளிப்பு, அதன் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. மிளகாய்க்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். புளிப்பைக் குறைக்க வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி டொலமைட் சுண்ணாம்புத் தூளை மேல் மண்ணில் தூவி, வேர் அறுபடாமல் லேசாகக் கிளறித் தண்ணீர் விடுங்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதமாகும். விறகடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியமும் தரும். ஆனால் டொலமைட் போட்ட வாளிக்குச் சாம்பல் வேண்டாம். யூரியாவோடு சாம்பலை ஒருநாளும் கலக்காதீர்கள், நைதரசன் அமோனியாவாகிக் காற்றில் போய்விடும்.

பதில்: வெலிமடை அக்கா

தம்பி, சுருளுற இலையைக் கையில எடுத்துப் பாருங்க. விளிம்பு மேல்நோக்கிப் படகு மாதிரி மடிஞ்சா பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிஞ்சு, இலை ஒடுங்கி, காம்பு நீண்டிருந்தா சிற்றுண்ணி. வெள்ளைத் தாளுக்கு மேல நுனியைத் தட்டினா பனிப்பூச்சி மெல்லிசா, நீளமா ஓடும். சிற்றுண்ணி வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

பனிப்பூச்சிக்கு 1 லீட்டர் தண்ணீரில் 5 மில்லிலீட்டர் வேப்பெண்ணெய், 1 மில்லிலீட்டர் திரவச் சவர்க்காரம். சவர்க்காரத்தை எண்ணெயோடு முதலில் அடிச்சுக் கலந்துட்டுத்தான் தண்ணீர் ஊத்தணும், இல்லாட்டி எண்ணெய் மேல மிதக்கும். வெயில் இறங்கினதும் இலையின் அடிப்பக்கம் நனைய அடிங்க. ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவை. சிற்றுண்ணிக்கு நீரில் கரையும் கந்தகத்தூள், பைக்கட்டில் போட்ட அளவுப்படி. எண்ணெய் அடிச்சு இரண்டு கிழமைக்குள்ள கந்தகம் அடிக்கவே கூடாது, இலை கருகிடும். அதனால எது பூச்சின்னு தெரிஞ்சிக்கிட்டு ஒண்ணைத் தொடங்குங்க.

கேள்வி: டிக்கோயா வாசி

நன்றி அக்கா, இலை மேல்நோக்கித்தான் மடியுது. இந்தச் செடிகளை வைக்கலாமா, புதுசா விதை போடணுமா? கூரை போட்டா குளிர் குறையுமா?

பதில்: பண்டாரவளைத் தோட்டக்காரர்

பிடுங்க வேண்டாம், நைமிரிஸ் பல வருடம் நிற்கும். பெப்ரவரிக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்து பண்ணுங்கள், பக்கத் துளிர் வந்து ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். அப்போது இரவுக் குளிர் குறைந்திருக்கும்.

வாளிகளைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, சமையலறைச் சுவரோரம் தள்ளுங்கள். பகல் வெயிலை வாங்கிய சுவர் இரவில் சூட்டை விடும். கூரை குளிருக்கு மட்டுமில்லை, மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்து மழைக்கும் கட்டாயம். தெளிவான பொலித்தீனைச் சரிவாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். குளிர் மாதங்களில் மாலை ஐந்து மணிக்குப் பக்கத்தையும் இறக்கி, காலை எட்டுக்குள் தூக்கிவிட வேண்டும். மறந்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கூரைக்குள் காற்று குறைவு என்பதால், காலை பத்து மணியளவில் பூக்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள்.

பதில்: தலவாக்கலை நாற்றுத் தவறணைக்காரர்

புது விதை போடுவதானால் ஜனவரியே சரியான நேரம், மார்ச்சில் வெளியே வைக்கலாம். விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, யோகட் கோப்பையில் பாதிக்குப் பாதி தும்புத்தூளும் கூட்டெருவும் நிரப்பி, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். முளைக்க 25 முதல் 30 பாகைச் சூடு வேண்டும். வெளியே வைத்தால் குளிரில் அழுகும். விறகடுப்புக்கு மேல் தட்டு இருந்தால் அதில் வைக்கலாம், ஆனால் புகை நேராக அடிக்கக்கூடாது. நைமிரிஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், அவசரப்பட்டுக் கிளற வேண்டாம். தலை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நூல் மாதிரி நீண்டு சாயும். தண்ணீரை மேலே ஊற்றாமல் கோப்பையைத் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டால் நாற்றழுகல் குறையும். ஆறு இலை வந்த பிறகு ஒரு கிழமை பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கி, அப்புறம் நடுங்கள்.

மேலே யாரும் சொல்லாத ஒன்று: உருளைக்கிழங்கு, தக்காளி போட்ட மண்ணை வாளிக்கு எடுக்காதீர்கள். பச்சையாக நின்ற செடி திடீரென்று வாடினால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் பக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை எரித்து, அந்த மண்ணைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்துவிட்டு வாளியைக் கழுவிக் காயவையுங்கள்.