மறு: மறு: 'ஐடிலிங்'குக்குத் தமிழ் என்ன? சோம்பலா, வெறுமையா, சும்மாவா?

ஈரோட்டிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பையன்களுக்காகப் பாடக்குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும்) கார்களில் ஐடிலிங், அதாவது சிக்னலில் வண்டி நிற்கும்போது என்ஜின் தானாகச் சுற்றும் வேகம், கூடுதலாக நின்றால் காரணத்தை எப்படிப் பிடிப்பது என்பது பொருள். பழைய வண்டி என்று நான் சொல்வது, கார்புரேட்டர் ஒழிந்து இன்ஜெக்‌ஷன் வந்த 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் வண்டிகள். ஆக்சிலேட்டருக்குக் கேபிள் இருக்கும். ஸ்கேனரை மாட்டினால் பல வண்டிகள் வாயே திறக்காது, வண்டி தன் கோளாறைத் தானே ஸ்கேனருக்குச் சொல்லும் ஓ.பி.டி. இங்கே கட்டாயமாகத் தொடங்கியதே 2010-இல், பாரத் ஸ்டேஜ் 4 புகை விதியுடன்தான்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'ஐடில்' என்பதைத் தமிழில் என்னவென்று சொல்வது? வரைவில் 'சோம்பு வேகம்' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். 'உயர் சோம்பு வேகம்' என்ற இடம் வந்ததும் பின்பெஞ்சில் சிரிப்பு. ஒருவன் எழுந்து, "சார், சோம்பேறித்தனம் ஜாஸ்தியானா வண்டி மெதுவாத்தானே ஓடணும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு சிக்கல், ஆங்கிலக்காரர்களே இதைக் குழப்பி வைத்திருக்கிறார்கள். காலையில் குளிர்ந்த என்ஜின் நிமிடத்துக்கு 1,200, 1,500 சுற்றில் ஓடிச் சூடானதும் இறங்குகிறதே, அது கோளாறு இல்லை, வடிவமைப்பு. அதற்கு 'ஃபாஸ்ட் ஐடில்' என்று பெயர். சூடான பிறகும் இறங்காமல் நிற்பது கோளாறு. அது 'ஹை ஐடில்'. ஆனால் புகைச் சோதனையில் பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார்களை வேண்டுமென்றே 2,500 சுற்றுக்கு ஏற்றி, லாம்டா (காற்று-பெட்ரோல் கலவை சரியாக இருந்தால் 1 என்று வரும் எண்) 1-ஐ ஒட்டி 0.03-க்குள் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கும் 'ஹை ஐடில்' என்றே பெயர்! நாம் சூட்டும் பெயர் இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

என் கையில் இருப்பவை: வெற்றோட்டம், ஓய்வோட்டம், நின்றோட்டம். சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, ஓய்வோட்டத்தை முதலில் அடித்துவிடுங்கள். நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றுகிறவனைப் பார்த்து ஓய்வு எடுக்கிறான் என்று சொல்வது அநியாயம்.

வெற்றோட்டம் புணர்ச்சிக்குப் பொருந்துகிறது. வெற்றிலை, வெற்றிடம் போல. ஆனால் காதில் 'வெற்றி ஓட்டம்' என்று விழும். பொருளிலும் ஓர் ஐயம்: அந்த நேரத்தில் என்ஜின் வெறுமையாகவா ஓடுகிறது? என் மகன் காரில் ஏ.சி.யைப் போட்டதும் என்ஜினுக்குச் சுமை ஏறுகிறது, அதற்கு ஈடுகொடுக்கச் சுற்றும் கொஞ்சம் கூடுகிறது என்று அவனே காட்டினான். சுமை இருக்கையில் 'வெறும்' என்ற அடை நிற்காது.

நின்றோட்டம் அழகு. நின்று ஓடுதல், ஆகவே நின்றோட்டம். இலக்கணத்தில் குற்றமில்லை. என் தயக்கம் வேறு: பேச்சில் 'வண்டி நின்றுபோச்சு' என்றால் அணைந்துபோச்சு என்றுதானே பொருள்? 'நின்றோட்டம் நின்றுவிட்டது' என்று உங்கள் பையன் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு சரிவில் உருளும்போதும் என்ஜின் இதே வேகத்தில்தான் ஓடும், வண்டி நிற்கவில்லையே.

அசைபோடும் மாடுதான் எனக்கு நினைவு வருகிறது. கட்டிய இடத்தில் படுத்திருக்கும், வாய் மட்டும் ஓயாது. 'அசையோட்டம்' என்றால் நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும். கிழவனின் ஆசை, இருக்கட்டும்.

சேலத்திலிருந்து:

ஐயா, சார், வணக்கம். பட்டறையை மூடிட்டு ராத்திரிதான் படிச்சேன். இலக்கணத்துக்கு நான் ஆள் இல்லை. வண்டி பத்திச் சொல்றேன், அதுல ஏதாவது ஆப்டா எடுத்துக்கங்க.

ஐடிலிங்னு சொல்றது நாங்கதான். கஸ்டமர் அப்படி வரமாட்டார். "ரேஸ் எறங்க மாட்டேங்குது." "சிக்னல்ல நின்னா வண்டி கத்துது." "மிதிக்காமலே ரேஸ் நிக்குது." இப்படித்தான் வருவாங்க.

பெட்ரோல் ஜாஸ்தி போகுதுன்னு அவங்க நினைப்பாங்க. கார்புரேட்டர்ல கைவச்சுப் பழகின பழைய மெக்கானிக்குகளும் அப்படித்தான் நினைப்பாங்க. கிடையாது. காத்துதான் ஜாஸ்தி போகுது. எவ்வளவு காத்து வருதுன்னு சென்சார் சொல்லுதோ, அதுக்குத் தக்கன கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ஆக்சிலேட்டர்னு நாம மிதிக்கிறதே காத்துக் கதவைத்தான். அதனால கேக்க வேண்டியது ஒண்ணுதான்: பட்டர்ஃப்ளை, அதான் அந்தக் காத்துக் கதவு, மூடியிருக்கு, யாரும் மிதிக்கலை, அப்புறம் காத்து எந்த வழியா உள்ள போகுது?

போன மாசம் 2002 மாடல் வண்டி ஒண்ணு. சூடான பிறகு 800-ல நிக்க வேண்டியது 1,600-ல நிக்குது. எனக்கு முன்னாடி பார்த்தவர், கதவு எதுவரைக்கும் மூடணும்னு தடுத்து நிறுத்துற த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூல கைவச்சிருந்தார். கம்பெனில செட் பண்ணி பெயின்ட் வச்சு விடுற ஸ்க்ரூ அது; ஐடிலிங் அட்ஜஸ்ட் பண்றதுக்கு இல்லை. அதைத் திருகுனா த்ராட்டில் பொசிஷன் சென்சார் "மூடியாச்சு"ன்னு சொல்லாது. யாரோ லேசா மிதிச்சிருக்காங்கன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும், ஐடிலிங்கைப் பிடிக்கவே வராது. முதல் வேலையா அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு நோய் பார்க்க வந்தா ரெண்டு நோய் இருக்கும், எப்பவும்.

அப்புறம் கேபிள்ல கொஞ்சம் லூஸ் இருக்கான்னு பார்த்தேன், இருந்தது. கீழ மிதியடி பெடல்ல மாட்டியிருக்கான்னு பார்த்தேன். சிரிக்காதீங்க, ரெண்டு தடவை அதுதான் காரணமா இருந்திருக்கு.

அடுத்தது ரேடியேட்டர் தண்ணி. "ரேஸ் நிக்குதுன்னா தண்ணியைப் பார்க்கிறியே"ன்னு கஸ்டமர் சண்டைக்கு வந்துட்டார். சில பழைய என்ஜின்ல ஐடிலிங்குக்குன்னு மெழுகு வால்வு ஒண்ணு உண்டு. குளிர்ல திறந்து காத்து விடும், கூலண்ட் சூடு ஏற ஏற மூடிக்கும். தண்ணி கொறஞ்சாலோ உள்ள காத்துக் குமிழ் மாட்டிக்கிட்டாலோ வால்வுக்குச் சூடே போகாது, திறந்தே கிடக்கும். கூலண்ட் சென்சார் தப்பாச் சொன்னாலும் அதே கதிதான்: மத்தியானம் ரெண்டு மணிக்கு, என்ஜின் இன்னும் விடியக்காலைல இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பும்.

தண்ணி சரியா இருந்தது. ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழட்டி, த்ராட்டில் பாடில (பட்டர்ஃப்ளை இருக்கிற கூடு) பட்டர்ஃப்ளைக்கு முன்னாடி இருக்கிற சின்ன ஓட்டையை விரலால அடைச்சேன். மிதிக்காதப்போ கம்ப்யூட்டர் திறந்து மூடுற ஐடில் வால்வுக்குக் காத்து போற வழி அது. ரேஸ் விழுந்திருந்தா வால்வு மேல சந்தேகப்படலாம். விழலை. அப்படின்னா பட்டர்ஃப்ளையைத் தாண்டி எங்கேயோ ஏர் எடுக்குது. ஒவ்வொரு ஹோஸா துணி சுத்திப் ப்ளையரால நெரிச்சேன். பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஒண்ணும் இல்லை. டேங்க் பெட்ரோல் ஆவி வர்ற பர்ஜ் வால்வு ஹோஸ், இல்லை. என்ஜினுக்குள்ள சேர்ற புகையை வால்வு கவர்ல இருந்து மேனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) கொண்டுவர்ற பி.சி.வி. ஹோஸை நெரிச்ச உடனே ரேஸ் கடகடன்னு விழுந்தது. ஒரு சாண் ரப்பர். மேல பளபளன்னு இருந்தது. வளைவுல அடிப்பக்கம் வெடிச்சு வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தது.

கார்ப் கிளீனர் அடிச்சு லீக் பார்க்கிற வழி ஒண்ணு சொல்வாங்க. பையன்களுக்குச் சொல்லித் தராதீங்க சார். சூடான எக்சாஸ்ட் பக்கத்துல அது நெருப்பு. தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல பூவாத் தெளிச்சாலே போதும், வெடிப்புல பட்டா ரேஸ் மாறும்.

பேரு நீங்க வையுங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சேலத்து அண்ணையின்ர கடிதத்தை இரண்டு முறை வாசிச்சன். இஞ்ச ஓடுறதில முக்காவாசி யப்பான் பழைய வாகனங்கள்தான், இந்தக் கதை எங்களுக்கும் பழக்கம். ஒரு சின்ன விசயம்: நாங்கள் பள்ளிக்கூடத்தில 'வளி' எண்டுதான் படிச்சனாங்கள், வளிமண்டலம் எண்டு நீங்களும் சொல்லுறியள்தானே. 'ஏர் லீக்' வாற இடத்தில 'வளிக்கசிவு' எண்டு போட்டால் ரெண்டு கரைக்கும் விளங்கும்.

ஈரோட்டிலிருந்து:

வளிக்கசிவை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கசிவு என்றால் உள்ளிருந்து வெளியே போவது என்று பையன்கள் நினைப்பார்கள். மேனிஃபோல்டில் அழுத்தம் வெளியை விடக் குறைவு, அதனால் இங்கே காற்று வெளியிலிருந்து உள்ளே புகுகிறது. 'ஏர் எடுக்குது' என்ற பட்டறைச் சொல் அந்தத் திசையைச் சரியாகச் சொல்கிறது, நம் புலமைச் சொல் கோட்டைவிடுகிறது. 'வளிப்புகல்' எப்படி?

இன்னொன்றும் குறிப்பில் சேர்க்க வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் வண்டியில் வளி புகுந்தால் அழுத்தம் ஏறும், பெட்ரோலும் கூடும், சுற்று எகிறும். காற்றை வாசலிலேயே அளக்கும் வண்டியில், அளவிக்குப் பின்னால் புகுந்த காற்று கணக்கில் வராது. கலவை, காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற அளவை விட்டு மெலிந்து, பெரும்பாலும் வண்டி உதறும். ஒரே ஓட்டை, வண்டியைப் பொறுத்து இரண்டு குணம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். சேலத்துக்காரர் போகிற போக்கில் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கவனித்தீர்களா? "மிதிக்காமலே ரேஸ் நிக்குது." சோம்பல், வெறுமை, ஓய்வு என்று என்ஜினின் மனநிலையை நாம் தேடிக்கொண்டிருந்தோம். ஓட்டுநரோ தன் காலைச் சொல்கிறார். கம்ப்யூட்டர் பார்ப்பதும் அதைத்தான்: கதவு மூடியிருக்கிறதா, இல்லையா.

ஆகவே என் முன்மொழிவு: மிதியா ஓட்டம். உண்ணாவிரதம், வாடாமலர் போல. புகைச் சோதனையின் 2,500 சுற்று மிதித்து வருவது, ஆகவே அது மிதியா ஓட்டமே அல்ல. 'உயர்சுற்றுச் சோதனை' என்று தனியே போகட்டும். காலைக் குளிரில் கூடுவதற்கு 'வெதுப்போட்டம்'. மூன்றும் பிரிந்துவிட்டன.

கோவையிலிருந்து:

சார், நான் இருசக்கர வண்டி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிற பெண். மிதியா ஓட்டம் காருக்கு ரொம்பப் பொருத்தம். எங்கள் பைக்கில் மிதிப்பது கியரும் பிரேக்கும். ஆக்சிலேட்டர் கையில் இருக்கிறது! உங்கள் பையன் நாளைக்கு ஸ்கூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போனால், மிதியா ஓட்டம் என்றதும் காலைப் பார்ப்பான். ஜெனரேட்டருக்குப் பெடலே கிடையாது.

ஆக்சிலேட்டருக்கு 'முடுக்கி' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. முடுக்கா ஓட்டம் என்றால் கால், கை, லீவர் எல்லாம் அடங்காதா?

பாளையங்கோட்டையிலிருந்து:

அம்மா, நீங்கள் முடித்துவிட்டீர்கள்.

முடுக்கா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சேர்த்தால் முடுக்காவோட்டம், பிரித்து எழுதினாலும் தவறில்லை. சுற்று எண்ணிக்கையைச் சொல்லும்போது 'முடுக்கா வேகம்' என்க. வகரத்தில் ஒற்று மிகாது, பையன்களுக்குத் தொல்லை இல்லை. கட்டுப்பாட்டு வால்வைச் சொன்னால் 'முடுக்காக் காற்று வால்வு', அங்கே ஒற்று வேண்டும், செல்லாக்காசில் வருவது போல.

கோளாறுக்கு 'உயர் முடுக்கா வேகம்' வேண்டாம், அது மொழிபெயர்ப்பு வாடை. 'முடுக்கா எகிறல்' என்று போடுங்கள். முடுக்கவில்லை, ஆனாலும் எகிறுகிறது. பெயரிலேயே முறைப்பாடு இருக்கிறது. வெதுப்போட்டம் அப்படியே இருக்கட்டும். என் அசையோட்டத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சேலத்திலிருந்து:

முடுக்கா எகிறல் நல்லா இருக்குங்க ஐயா. நேத்து வந்த வண்டியோட ஜாப் கார்டுல அப்படியே எழுதினேன். கஸ்டமர் ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, "ஆமா, அதேதான்"னு கையெழுத்துப் போட்டார். ஐடிலிங் ஹைன்னு எழுதுனா இது என்னன்னு கேட்பாங்க.

அந்த வண்டில ஓட்டை ஒண்ணும் இல்லை. வேற இடத்துல த்ராட்டில் பாடி கிளீன் பண்ணியிருக்காங்க, அதுக்கப்புறம்தான் எகிறல். அழுக்கு அடைச்சுக் காத்து கொறஞ்சதுக்கு ஈடா வால்வைக் கொஞ்சம் கூடத் திறந்து வைக்கக் கம்ப்யூட்டர் பழகியிருக்கு. அழுக்குப் போச்சு, பழக்கம் போகலை. பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டி, சூடாகிற வரைக்கும் சும்மா ஓடவிட்டேன், 850-ல வந்து உக்காந்துடுச்சு. எல்லா வண்டியும் இதுக்கே அடங்காது, சிலதுக்குத் தனி முறை இருக்கு. சார் இதையும் குறிப்புல சேர்த்துக்கங்க.

அப்புறம் ஒண்ணு. 1,000-க்கும் 2,000-க்கும் நடுவுல ரேஸ் ஏறி எறங்கி ஏறி எறங்கி ஆடும் பாருங்க, அதுக்கு என்ன பேரு? மிதிக்காம இருக்கும்போது ரேஸ் ஒரு அளவைத் தாண்டுனா கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திடும், விழும். விழுந்ததும் திரும்ப விடும், ஏறும். மேல இருக்கிற அதே ஏர் லீக்தான் நிறைய தடவை காரணம். நாங்க 'ஹண்டிங்'னு சொல்றோம். கஸ்டமர் "வண்டி மூச்சு வாங்குது"ங்கறார்.

பாளையங்கோட்டையிலிருந்து:

மூச்சிரைப்பு. இழையைப் புதிதாகத் தொடங்குங்கள் தம்பி, தலைப்பு நீளமாகிவிட்டது.